கரையில உழைச்ச காசு கரைக்கு வரட்டும்

வாடைக்காற்று எழும்பினால் திருகோணமலை நிலாவெளி, உப்புவெளிக் கரையைக் கடல் எப்படி அள்ளிக்கொண்டு போகுமெண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த ஹோட்டல்கள் தங்கட புரள்வில் (மொத்த வியாபார வருமானத்தில) 1% சுற்றுலா அபிவிருத்தி வரி கட்ட வேணும். காசு போறது கொழும்பில இருக்கிற சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்கு. அதில ஒரு பங்கைக் கடலரிப்புக்கெண்டு இஞ்ச திருப்பித் தந்தால் என்ன?

தந்த உடன லொறியில கல்லைக் கொண்டுவந்து கொட்டிடாதேங்கோ. ஒரு இடத்தில கல்லணை போட்டால் பக்கத்துக் கரை அரிபடும். கரைவலை இழுக்கவும் இடமிராது. முதல்ல மணலைப் பிடிச்சு வைக்கிற அடம்பன் கொடியையும் தாழையையும் வளரவிடுங்கோ. (கடல் தெரியேல்லையெண்டு அதை வெட்டுற ஹோட்டல்காரருக்கும் சேர்த்துத்தான்!) நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாத்தீவு முருகைக்கல்லுக்கும் (பவளப்பாறைக்கும்) கொஞ்சம் செலவழிக்கலாம், அலையின்ர வேகத்தைக் குறைக்கிறது அதுகள்தான்.

பிரதேச சபை உறுப்பினர் ஆரும் வாசிச்சால், அடுத்த கூட்டத்தில எடுத்துக் கதையுங்கோ.