வெள்ளச்சி இறகு உதிர்த்த ஆறு வாரம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். காலையில் கூண்டைத் திறக்கப் போனால் வாசல் முழுக்க வெள்ளை இறகு. நெஞ்சு முடி மாதிரி சின்னதாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம், சிறகின் பெரிய இறகுகள். ராத்திரி மூசாங் (மரநாய்) புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். மூலையில் நின்றிருந்த எங்கள் வாத்து வெள்ளச்சி என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கத்தினாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சிறகு இரண்டும் மட்டும் மொட்டை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பிடோர் வழியாகப் போகிறவர்கள் காடியை நிறுத்துவதே வாத்துக்கால் மீ என்ற நூடுல்ஸுக்கும் கொய்யாவுக்கும்தான். அந்த ஊரில் ஒரு வாத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தால் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளச்சி சாதாரண வாத்து இல்லை, மலாயில் அங்சா, ஆங்கிலத்தில் கூஸ். ஹம்சம் என்ற வடசொல்தான் அங்கே அப்படி ஆகியிருக்கிறது. தமிழில் நாம் இதையும் வாத்து என்றே சொல்லிவிடுவதால், "எப்போ குழம்பு?" என்ற கேள்விக்குக் குறைவில்லை. பாசாரில் குஞ்சாக வாங்கியது. இறகு கொட்டிய சமயம் 14 மாதம் ஆகியிருந்தது, முதல் முட்டைகளைப் போட்டு முடித்திருந்தாள்.

மாமியார் கண் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். நான் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு வந்தேன். தோட்டத்தில் துரை பங்களாவுக்குக் காவலாக அங்சா வளர்த்த காலத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அவர். கீழே கிடந்த ஓர் இறகை எடுத்து அடிக்காம்பை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"நுனி காஞ்சு, வெள்ளையா, மூடிக்கிட்டு இருக்கு பாரும்மா. இது தானா விழுந்தது. புடுங்கியிருந்தா ரத்தம் ஒட்டியிருக்கும். முறிஞ்சிருந்தா பிசிறு தெரியும்."

கோழி ஒவ்வொன்றாக இறகு மாற்றும். அங்சா சிறகின் பெரிய இறகுகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொட்டிவிடும். குஞ்சுப் பருவத்தில் நெஞ்சு முடி உதிர்ந்தது எங்களுக்குத் தெரியவேயில்லை. சிறகு முழுதாகக் கொட்டுவது இதுதான் முதல் தடவை. குளிர் நாடுகளில் இதற்குக் கோடைக்காலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறைந்த பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் மாதத்தை வைத்து எதையும் எதிர்பார்க்க முடியாது.

தாத்தா சொன்னதில் எனக்கு உருப்படியாகப் பிடிபட்டது ஒன்று: இறகைப் பார்க்காதே, நெஞ்செலும்பைத் தடவு. நெஞ்சுக்கு நடுவில் நீளமாக ஓர் எலும்பு ஓடுகிறது. இரண்டு பக்கமும் சதை மேடாக இருந்து, எலும்பு நடுவில் லேசாகத் தட்டுப்பட்டால் நல்லது. கத்தி முனை மாதிரி துருத்தினால் உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உதிர்க்கும் பருவத்தில் பறவை பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும், அந்தக் கோலம் ஒன்றையும் சொல்லாது.

அன்றிலிருந்து தினமும் எடை. நான் மெஷினில் ஏறினால் 61.2 கிலோ, அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 65.5. ஆக 4.3. (என் எடையும் தினமும் நோட்டில் ஏறியதில் வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம்.) முதல் வாரம் 4.2, அடுத்து 4.1. கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று தாத்தா சொல்லியிருந்தார்.

ராத்திரி கூண்டில் பழைய பேப்பர் விரித்து, விடிந்ததும் எச்சத்தைப் பார்ப்பேன். புல் நிறத்தில் உருண்டு, ஓரத்தில் வெள்ளை இருந்தால் சரி. சில நாள் ஒரு தடவை மட்டும் பழுப்பாகப் பிசுபிசுவென்று நாற்றத்தோடு விழும். அதுவும் வழக்கமானதுதானாம், பெருங்குடல் பை காலியாவது. முதல் தடவை அதைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் வாரத்தில் சிறகில் குருத்து எழும்பியது. நீலம் கலந்த குழாய், ஸ்ட்ரா மாதிரி, தொட்டால் சூடு. உள்ளே ரத்தம் ஓடுகிறது. மேல்தோல் உதிர்ந்து பொடுகு மாதிரி என் சட்டையெல்லாம் ஒட்டும். மகள் அவசரத்தில் சிறகோடு சேர்த்துத் தூக்கியதில் ஒரு குருத்து முறிந்து ரத்தம் சொட்டியது. சோளமாவைக் கொட்டி ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன், நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தூக்குவதென்றால் சிறகை உடம்போடு அணைத்து, தலை பின்பக்கம் இருக்கும்படித்தான்.

தப்பு நடந்தது மூன்றாம் வாரம். தோட்டத்தில் செம்பனை ஓரமெல்லாம் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடை என்றாலும், வேறு மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள். அதனால் மேய விடாமல் மூட்டைத் தீனியை மட்டும் போட்டேன். மழை நாள் வேறு. மூட்டை ஐந்தடி (வீட்டு முன் நடை) ஓரத்தில், சாரல் படும் இடத்தில் கிடந்தது. வீட்டில் முறுக்கு, அதிரசம், துணிமணி. எடை நோட்டை மூன்று நாள் தொடவேயில்லை.

அவள் கழுத்தை முதுகில் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றாள். உதிர்க்கிற அசதி என்றேன். பட்டாசு சத்தத்துக்குப் பயந்திருக்கிறாள் என்றேன். தீபாவளிக்கு மறுநாள் மகள்தான் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா, வெறும் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு." எடை போட்டோம்: 3.8. தடவிப் பார்த்தால் நெஞ்செலும்பு விரலில் குத்தியது.

பக்கத்தில் கேட்ட இடத்தில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். ஒரு மணி நேரம் ஓட்டி ஈப்போவுக்குப் போனோம். எச்சம் விழுந்த பேப்பரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன், இன்னொரு பையில் கைப்பிடித் தீனி. டாக்டர் கண், மூக்குத் துளை, வாய், பாதம் எல்லாம் பார்த்து, மூச்சைக் கேட்டுவிட்டுக் கடைசியில் தீனியை உடைத்து முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். ஈரத் துணியை மூலையில் போட்டுவைத்த வாடை. பூஞ்சை பிடித்த தீனியாக இருக்கலாம், முதலில் இதை வீசுங்கள் என்றார். சும்மா நிற்கும்போது வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். பூஞ்சை நுரையீரலில் இறங்கிவிட்டால் பறவையைக் காப்பாற்றுவது கஷ்டமாம்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன். புதுத் தீனி மூடி போட்ட வாளிக்குள் போனது. கூடவே வாசல் புல், காங்கோங் கீரை, அவித்த பச்சைப்பயறு. இறகு என்பது ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு புரதம். அந்த நேரத்தில் போய் வயிறு நிறையக் கெட்டதைப் போட்டிருக்கிறேன். தலையை முழுதாக முக்கி மூக்கைக் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான வாளியில் தண்ணீர் வைத்தேன். நான்காம் நாள் எச்சம் உருண்டது. ஐந்தாம் நாள் தபால்காரரை விரட்டினாள். எடை 3.9, அப்புறம் 4.1.

ஆறாவது வாரம் சிறகை விரித்து அடித்துக் காட்டினாள். புது இறகு பளபளவென்று இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு இறகிலும், ஏறக்குறைய ஒரே மட்டத்தில், குறுக்காக ஒரு மெல்லிய கோடு. இறகு வளரும்போது உடம்பு தள்ளாடினால் அந்த இடத்தில் இப்படித் தேய்ந்த கோடு விழுமாம். எல்லாம் சேர்ந்தே வளர்ந்ததால் எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறது. மகள் ஸ்கேல் வைத்து அளந்தாள், நுனியிலிருந்து 9 சென்டிமீட்டர். அதற்குத் தீபாவளிக் கோடு என்று பேர் வைத்திருக்கிறாள். அடுத்த தடவை உதிரும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.