3.1 சதவீத பீர்: ஈஸ்ட்டா, மால்ட்டா, தண்ணீரா?

லண்டனில் வீட்டிலேயே காய்ச்சும் பிட்டர் வகை பீர் இது. 4.6 சதவீத ஆல்கஹாலுக்குக் கணக்குப் போட்டிருந்தேன், வந்தது 3.1. நிறமும் நுரையும் நன்றாகவே இருந்தன. வாயில் வைத்தால் தண்ணீராக இருந்தது, அதற்கு மேல் கசப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்து இறக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். கெட்டியான வோர்ட்டுக்கு அளந்து போட்ட ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, நீர்த்துப்போன வோர்ட்டில் விழுந்தால் அப்படித்தான். "ரெண்டு பாட்டில் உள்ள போயும் ஒண்ணும் தெரியலையே மச்சான்" என்றான் நண்பன்.

(பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம், விற்கக்கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். அங்கிருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

பீர் வலுவில்லை என்றதுமே பழி ஈஸ்ட் மேல்தான் விழும். புதுப் பாக்கெட் வாங்கி மேலே தூவச் சொல்லுவார்கள். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மால்ட்டிலிருந்து சர்க்கரை இறங்கவே இல்லையா, இல்லை இறங்கிய சர்க்கரையை ஈஸ்ட் தின்னவில்லையா? இதற்கு, சாற்றில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் இரண்டு அளவுகள் போதும் (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக்கூட எண் ஏறும்). நொதிக்கும் முன் என் வோர்ட் 1.034, நொதித்து முடிந்தபின் 1.010. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் 3.1 வந்துவிடும். 1.000க்கு மேலிருந்த 34 புள்ளியில் 24ஐ ஈஸ்ட் தின்றிருக்கிறது, அதாவது 70 சதவீதம். ஈஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. மேஷின், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தின், சூடு எகிறியிருந்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சி, முடிவு அளவு 1.018, 1.020 என்று நின்றிருக்கும். அதுவும் இல்லை.

ஆக, தொடக்கமே தாழ்வு. கருவியே பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்தேன். 20 டிகிரி தண்ணீரில் மிதக்கவிட்டால் சரியாக 1.000 காட்டியது. சூடான வோர்ட்டில் அளந்தாலும் ஏமாறலாம். 60 டிகிரியில் ஏறத்தாழ 15 புள்ளி குறைத்துக் காட்டும். நான் ஆறவைத்துத்தான் அளந்திருந்தேன். தண்ணீரும் கூடவில்லை, திட்டமிட்டபடி 23 லிட்டர்தான்.

போட்டது மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தின் மால்ட், 4.5 கிலோ. ஒரு கிலோவில் இருப்பதை முழுக்க இறக்கினால் ஒரு லிட்டருக்கு 308 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 23 லிட்டரில் 60 புள்ளி வரவேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் அதில் முக்கால் பங்கு, அதாவது 45 புள்ளி, வந்தாலே நல்ல விளைச்சல். எனக்கு வந்தது 56 சதவீதம். மீதி சக்கையோடு உரக்குழிக்குப் போயிருக்கிறது.

கடையில் உடைத்துக் கொடுத்த அதே மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். நிறைய மணிகள் உடையாமல் முழுசாகவே கிடந்தன. சில நடுவில் கீறல் விட்டதோடு சரி. உமி முழுசாகவும், உள்ளே இருப்பது ரவைப் பதத்திலும் இருக்கவேண்டும். முழு மணிக்குள் தண்ணீர் நுழைவதற்குள் மேஷ் நேரமே முடிந்துவிடும். பலரும் அயோடின் சோதனையை நம்புகிறார்கள். ஒரு துளி வோர்ட்டில் அயோடின் விட்டு, கருநீலமாக மாறாவிட்டால் ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தமாம். கரைசலுக்கு வந்த ஸ்டார்ச்சைத்தான் அது சொல்லும். மணிக்குள் சிறைப்பட்டது அதற்கு எப்படித் தெரியும்?

நண்பனின் கையரவையில் உருளை இடைவெளியை 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைத்து, மால்ட்டை மறுபடி ஓட்டினேன். நான் மேஷ் செய்வது துணிப்பையில், அதனால் பொடி கூடினாலும் பயமில்லை. அடியில் சல்லடை வைத்த பாத்திரக்காரர்கள் இவ்வளவு பொடியாக்கினால் அடைத்துக்கொள்ளும், ஜாக்கிரதை. வேறு எதையும் தொடவில்லை. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும். அடுத்த முறை காய்ச்சியபோது 1.041 வந்தது.

மிச்சம் நாலு புள்ளிக்கு எங்கள் ஊர்த் தண்ணீர்தான் காரணம். சுண்ணப் பாறையில் ஊறி வரும் கடினநீர். கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். அதிலுள்ள பைகார்பனேட் மேஷின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். பழைய லண்டனில் போர்ட்டர் என்ற கரும் பீர் செழித்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்: வறுத்த கருமால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டும். என்னுடையது முழுக்க வெளிர் மால்ட். மேஷிலிருந்து எடுத்து ஆறவைத்து அளந்தபோது பிஎச் 5.8, 5.2க்கும் 5.6க்கும் நடுவில் இருந்தால்தான் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கும் மால்ட்டின் நொதிகள் சுகமாக வேலை செய்யும். லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.4க்கு இறக்கியதில் 1.045 கிடைத்தது.

அந்தப் பழைய 23 லிட்டரைத் தேற்றியிருக்கலாம்தான். உலர்மால்ட் சாற்றுப் பொடி அரைக் கிலோவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நொதிகலத்தில் இருக்கும்போதே சேர்த்திருந்தால் எட்டு புள்ளியாவது ஏறியிருக்கும். வெறும் சர்க்கரையைப் போட்டால் போதை ஏறும், ஆனால் பீர் வாயில் இன்னும் நீர்த்துத் தெரியும், அதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டிலில் அடைத்தபின் ஒன்றும் செய்யக்கூடாது. மேலும் நொதித்தால் பாட்டில் வெடிக்கும். அப்படியே குடித்துத் தீர்த்தோம். மதிய வேளைக்கு அது ஒன்றும் மோசமில்லை. 2023 ஆகஸ்டில் 3.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பீருக்கு வரி குறைந்ததும், இங்கே கடையில் விற்கும் பீர்களே சில 3.4க்கு இறங்கிவிட்டன.