யோபின் நண்பர்களும் நானும்

34 ஆண்டுகள் வேதபாட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம், புதிதாகப் பணியில் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை அண்மையில், "இத்தனை காலத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன, ஐயா?" என்று கேட்டார். பாடத்திட்டம், தேர்வு, வகுப்பை அடக்கிவைக்கும் வழி என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், தம்பியை நோய்க்குப் பறிகொடுத்திருந்த ஒரு மாணவன், மற்றவர்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து, "நாங்கள் எல்லோரும் ஜெபித்தோமே சார், ஏன் கேட்கப்படவில்லை?" என்றான். என்னிடம் பதில் தயாராக இருந்தது. கர்த்தருடைய சித்தம் நமக்கு இப்போது புரியாது என்று தொடங்கி, இரண்டு வசனங்களையும் சேர்த்து, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவன் "சரி சார்" என்று போய்விட்டான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் அவன் எதையும் கேட்கவில்லை. தேர்வில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கினான்.

நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நோயிலும் விழுந்த யோபு என்ற நல்லவனைப் பற்றிய வேதாகமப் புத்தகத்தை உயர்வகுப்புக்கு நடத்த வேண்டி வந்தபோதுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய நண்பர்கள் மூவரும் யோபைப் பார்க்க வந்து, அவனுடைய துக்கம் பெரிது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏழு நாட்களில் அவர்கள் செய்ததில் குறையொன்றும் இல்லை. வாயைத் திறந்த பிறகே எல்லாம் கெடுகிறது. அவர்கள் பேசியவற்றில் பலவும் தனியே எடுத்துப் படித்தால் பக்தியான வாக்கியங்கள்தாம், நான் அந்தச் சிறுவனிடம் சொன்னவற்றைப் போலவே. ஆனால் 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மீதுதான் மூளுகிறது, கசந்து கசந்து கேள்வி கேட்ட யோபின்மீது அல்ல.

அதற்குப் பிறகு, பாடத்தில் நான் வழக்கமாகத் தாண்டிப் போன 88-ஆம் சங்கீதத்தையும் நடத்தத் தொடங்கினேன். வேதாகமத்தில் ஜெபப்பாடல்களாக உள்ள 150 சங்கீதங்களுள் அது ஒன்று. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமலே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை மாணவர்களுக்குக் காட்டினால் போதும், விளக்கம் அதிகம் வேண்டியிருக்காது.

சலிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாடத்தை இருபதாவது முறை நடத்தும்போது ஆசிரியருக்கே அலுத்துப்போகும். அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருக்கும். கி.பி. 400-ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து டீக்கன் (திருச்சபையின் உதவி ஊழியர்) ஒருவர் இதே குறையை அங்குள்ள ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டினுக்கு எழுதியிருக்கிறார். தம்முடைய பேச்சும் தமக்கு ஏறக்குறைய எப்போதும் திருப்தி தருவதில்லை என்று அகஸ்டின் பதில் எழுதினார். கேட்பவர் களைத்திருந்தால் உட்கார இடம் கொடுக்கவும் சொன்னார். பயிற்சி வகுப்புகளில் கிடைக்காத தைரியம் எனக்கு அதில் கிடைத்தது.

மனப்பாடத்தை இன்று பலரும் பழிக்கிறார்கள். நான் பழிக்க மாட்டேன். புரியாமல் மனத்தில் தங்கிய வரிக்கும் ஒரு நாள் கதவு திறக்கக்கூடும். 23-ஆம் சங்கீதத்தை எத்தனை வகுப்புகளுக்கு ஒப்பிக்கச் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதை ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி நடுவில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கப் போனேன். அவள், "சார், முதல் மூன்று வசனத்திலும் 'அவர், அவர்' என்று வருகிறது. இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர்' என்று நேரே அவரிடமே பேசுவதாக மாறிவிடுகிறதே, ஏன்?" என்று கேட்டாள்.

நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை என்று வகுப்பின் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அவள் தன் வேதாகமத்தில் அந்தச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடிட்டாள்; நானும் என்னுடையதில் கோடிட்டேன்.