திறந்த ஏர் இன்டேக் வேண்டாம் என்று ஏன் சொன்னேன்?

குடும்பத்துக்காக வாங்கிய கிரெட்டா காரில், வேகம் கூடும் என்று, கடையில் விற்கும் திறந்த ஏர் இன்டேக்கை (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாயும் பெட்டியில்லாத வடிகட்டியும்) பொருத்தலாமா என்று மைத்துனர் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் முழு மூச்சாக ஓடினால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 4,500 லிட்டர் காற்றை இழுக்கும். வேளச்சேரி நெரிசலில் 1,500 சுற்றில் ஊரும்போது அதில் சிறு பங்குதான். அப்போது காற்றைத் தடுப்பது வடிகட்டி அல்ல, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடு; அது அப்போது பாதிகூடத் திறந்திருக்காது. அது வழிவிட்டால்தானே காற்று உள்ளே போகும்!

பெட்டியில்லாத கூம்பு வடிகட்டியோ பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே குடிக்கும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. உறுமல் மட்டும் கூடும். அதைத்தான் பலர் வேகம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். குழாயின் வாயைப் பம்பருக்குள் தாழ்வாக இறக்கினால், 2023 டிசம்பரில் சென்னையில் தேங்கியது போன்ற வெள்ளத்தில் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பின் இருக்கையில் குழந்தைகள் உட்காரும் வண்டி அது.

நேற்று இருவரும் வடிகட்டிப் பெட்டியைத் திறந்தோம். காகித மடிப்புகளுக்குள் வேப்பம்பூச் சருகு, செம்மண் தூசி. தட்டியதும் அவன் உள்ளங்கை சிவந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குப் புதிய காகித வடிகட்டியை வாங்கி வந்தோம். கிளிப்புகளை அவனே அழுத்தி மூடினான்.