நாலு பைலட் எதற்கு?

போன மாதம் அம்மாவை துபாய் வழியாக நியூயார்க்குக்குக் கூட்டி வந்தேன். துபாயில் கதவை அடைத்ததும் கேப்டன் மைக்கில் வந்து, இன்று உங்களோடு மொத்தம் நாலு பைலட் வருகிறோம் என்றார். அதை அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னதுதான் தப்பு. ஒரு பிளேனுக்கு எதுக்குடா நாலு பேரு என்று கேட்க, ரெண்டு பேர் ஓட்டுவாங்க, ரெண்டு பேர் தூங்குவாங்க என்று வாயை விட்டுவிட்டேன். "தூங்குவாங்களா?" என்றவர், சற்று யோசித்து, "ஆம்னி பஸ்ல ரெண்டாவது டிரைவர் படுத்துட்டு வருவாரே, அது மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான். ஆனால் விமானத்தில் யார், எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் படுக்கலாம் என்பது வரை சட்டம் இருக்கிறது.

அமெரிக்க விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ரெண்டே பைலட் என்றால், வேலை தொடங்கும் நேரத்தைப் பொறுத்து 8 அல்லது 9 மணி நேரம்தான் பறக்கலாம். மூணு பேர் என்றால் 13, நாலு பேர் என்றால் 17. படுக்கும் இடத்தையும் மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு என்பது பயணிகளிடமிருந்தும் காக்பிட்டிலிருந்தும் தனியே, வெளிச்சத்தையும் சத்தத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய, கால் நீட்டிப் படுக்கும் பங்க். போயிங் 777-ல் நம் தலைக்கு மேலே, கூரைக்கும் விமானத்தின் முதுகுக்கும் நடுவே அது இருக்கும், குறுகலான ஏணிப்படி ஏறிப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பு என்பது 40 டிகிரி சாயும் சீட்டும் கால் வைக்க ஒரு தாங்கியும், அவ்வளவுதான். நம்மில் பலர் அதில்கூடத் தூங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

ஓய்வு நேரத்தைப் பங்கு போடுவது எளிமையான கணக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வகுப்பார்கள். 11 மணி நேரப் பயணம், மூணு பைலட் என்றால் நடுவில் ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும், ஆளுக்கு 3 மணி 10 நிமிடம். நாலு பேர் என்றால் ரெண்டு ரெண்டாகப் பிரிந்து பாதிப் பாதி. யாருக்கு எந்தப் பங்கு என்பதில்தான் பேச்சே. முதல் பங்கு கிடைத்தவருக்கு அப்போதுதான் வேலைக்கு வந்திருப்பதால் தூக்கம் வராது, கீழே சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் வேறு. ஆனால் தரையிறக்கப் போகிறவர் இளைப்பாறியிருக்க வேண்டும் என்பதால் அவருக்குப் பெரும்பாலும் பின்பாதிதான். அமெரிக்க விதி இதையும் விடவில்லை: தரையிறக்குபவருக்கு வேலை நேரத்தின் பின்பாதியில் தொடர்ந்து 2 மணி நேரமாவது ஓய்வு வாய்ப்பு இருக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, பைலட் தூங்குவதில் பயம் இல்லை, எழுந்து வருகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் பயம். நாமே மதியம் தூங்கி எழுந்து காலையா மாலையா என்று முழிப்போமே, அந்தத் தூக்கக் கலக்கம். 2011 ஜனவரியில் டொரண்டோவிலிருந்து சூரிச் போன ஏர் கனடா 767-ல் ரெண்டு பேர்தான் பைலட், பங்க் கிடையாது. கனடாவில் சீட்டிலேயே 40 நிமிடம் வரை கண் அயர அனுமதி உண்டு. ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், 75 நிமிடம் தூங்கிவிட்டார். எழுந்ததும் எதிரே வரும் விமானம் ஒன்றைப் பற்றிக் கேப்டன் சொல்ல, இவர் முதலில் வெள்ளி கிரகத்தைப் பார்த்து அதுதான் என்று நினைத்தார். பிறகு, ஆயிரம் அடி கீழே போய்க்கொண்டிருந்த அசல் விமானத்தைப் பார்த்ததும் அது நம் மீதே மோத வருகிறது என்று தோன்றி, விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திவிட்டார். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதி, மொத்தம் 16 பேருக்குக் காயம்.

இன்னும் கொடுமையானது 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்து. கேப்டன் ஒரு மணி 40 நிமிடம் தூங்கியது குறட்டைச் சத்தத்தோடு ரெக்கார்டரில் இருந்தது, எழுந்த கலக்கமும் ஒரு காரணம் என்றது விசாரணை. 158 பேர் இறந்துபோனார்கள். (துபாயில் உட்கார்ந்து அம்மாவிடம் இதைச் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.)

ஏர் பிரான்ஸ் 447-ல் இதன் மறுபக்கம். 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ், மூணு பைலட். கேப்டன் முறைப்படிதான் ஓய்வுக்குப் போனார். ஆனால் நான் வரும்வரை யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் போனார், ரெண்டு பேரில் அனுபவம் குறைந்தவர் கையில் விமானம். அவர் போய்ச் சுமார் 8 நிமிடத்தில் வேகம் காட்டும் குழாய்களில் ஐஸ் அடைத்து, விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோபைலட் விட்டுவிட்டது. ஒன்றரை நிமிடத்தில் கேப்டன் ஓடி வந்துவிட்டார், ஆனால் என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் கடல் வந்துவிட்டது. அவருக்கு மிச்சம் இருந்தது 3 நிமிடத்துக்கும் குறைவு. 228 பேரும் போய்விட்டார்கள். ஓய்வே கொடுத்திருக்கக் கூடாது என்று சிலர் பேசுவார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் கோளாறு.

சீட்டிலேயே கண் அயர்வது பற்றி ஒரு வேடிக்கை. 26 நிமிடத் தூக்கத்துக்கே பைலட்டுகள் எவ்வளவு சுறுசுறுப்பாகிறார்கள் என்று ஆராய்ந்து சொன்னது நாசா. ஐரோப்பா, கனடா எல்லாம் அனுமதித்துவிட்டன, அமெரிக்காவில் இன்னும் இல்லை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். எங்கள் விமானம் இறங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது மைக்கில் வேறொரு குரல். அம்மா உடனே நிமிர்ந்து, "இது தூங்கி எழுந்தவரா?" என்றார். இருக்கலாம்மா என்றேன்.

"முகம் கழுவிட்டு வந்து உட்கார்ந்தாரான்னு அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுகிட்ட கேளேன்."