பத்மநாபபுரத்தில் அப்பாவின் உள்ளங்கை

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செருப்போடு போக முடியாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் மறந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை வந்து 20 வருஷம். உள்ளங்கால் இரண்டும் மரத்துப்போய் நாலு வருஷமாகிறது. வெறுங்காலோடு வாசல்வரை கூடப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து தக்கலை. ஆரல்வாய்மொழியில் காற்று பஸ்ஸையே ஓரங்கட்டப் பார்த்தது. அப்பா 32 வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, டிரைவர் கியர் மாற்றுகிற லட்சணத்தைப் பற்றி நாகர்கோவில் வரை அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனை இது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத்தின் கையிலேயே நின்றுவிட்டது. அதனால் உள்ளே விளக்கம் சொல்கிறவர்களின் தமிழில் பாதி மலையாளம். கேட்க நன்றாகவே இருக்கும்.

செருப்பு வைக்கிற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, பையில் சாக்ஸ் இருந்தது. மாட்டிவிட்டேன். பத்தடி நடப்பதற்குள் அப்பா நின்றுவிட்டார்.

“வழுக்குது லே.”

வழுக்காமல் என்ன செய்யும்? கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை அது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். சாக்ஸைக் கழற்றினேன். டாக்டர் மன்னிக்க வேண்டும்.

பூமுகம் என்கிற முன்கூடத்தில் கல் கட்டில், தொங்கும் குதிரை விளக்கு, பூப்பூவாகச் செதுக்கிய மரக் கூரை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன், ஆனால் எனக்கு அந்த இடம் காலில்தான் தொடங்கியது. வெளியே வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த உள்ளங்கால் அந்தத் தரையில் பட்டதும் கழுத்துவரை ஒரு ஆசுவாசம். அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“குளிருதாப்பா?”

“நீ சொல்லுத, இருக்கும்.”

மேலே மந்திரசாலைக்குப் போகிற படி, படி என்பதைவிட ஏணிக்குப் பக்கம். குறுகல், செங்குத்து. இவர் எப்படி ஏறுவார் என்று நான் யோசிக்கும்போதே இரண்டு கையையும் ஊன்றி மளமளவென்று ஏறிவிட்டார். பழைய பஸ்களின் பின்னால் மூட்டை ஏற்ற ஒரு இரும்பு ஏணி இருக்குமே, அதில் ஏறிப் பழகிய உடம்பு. பின்னால் போன நான்தான் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். “குனிஞ்சு வாங்க சாரே” என்று விளக்கம் சொல்பவர் சொன்னது இடித்த பிறகு காதில் விழுந்தது. அப்பாவுக்கு அந்த வாக்கியம் தேவையே இல்லை. வாசலைக் கண்டால் கழுத்து தானாக மடங்குகிறது.

மந்திரசாலையில் சட்டம் சட்டமாகச் சரித்து வைத்த மர ஜன்னல்கள். வெளிச்சம் நேராக வராது, தரையில் பட்டுச் சிதறித்தான் வரும். ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த அறை. அங்கே நுழைந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோர் குரலும் இறங்கியது. ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதுவும்கூட.

அப்புறம் இருட்டு நடைகள். முற்றத்து வெயிலிலிருந்து திடீரென்று உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும், அதுவரை அந்த நடையில் யார் நிற்பது? நான் காலால் தடவித் தடவிப் போய்விடுவேன். அப்பாவுக்குத்தான் சிக்கல். நாம் விழாமல் நிற்பதற்குக் கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, கால் என்று மூன்று இடத்திலிருந்து சேதி போக வேண்டும். கால் சேதி அனுப்பாத ஆள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். இருட்டில் அதுவும் போனால் ஆடிவிடும். வீட்டில் கரண்ட் போனால் அவர் சுவரைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

கையை நீட்டினேன். வேண்டாம் என்றார். நடை அவ்வளவு குறுகலாக இருந்தது, இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் கிடைத்தது. விரல் நுனியால் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் போடப் போகிறவரைப்போல நிதானமாக நடந்தார். “என்னடா இவ்வளவு நெருக்கமாக் கட்டிவச்சிருக்கான்” என்று முந்தைய இரண்டு முறையும் சலித்துக்கொண்டவன் நான்.

அவர் தடுமாறியது ஊட்டுப்புரையில். ஆயிரக்கணக்கில் பந்தி நடந்த கூடம், நீளமோ நீளம். நல்ல வெளிச்சம்தான், இடறுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் போனதும் பிடிக்க எதுவும் இல்லாமல் நின்றுவிட்டார். நான் தோளைக் கொடுத்தேன். எனக்கு அது மூச்சு விசாலமாகிற இடம், அவருக்கு நடுக்கடல்.

தாய்க்கொட்டாரம் பக்கம் கொஞ்சம் உட்காரலாம் என்றார். இந்த வளாகத்திலேயே பழைய பகுதி அது என்கிறார்கள். இப்போது நாம் பார்க்கும் வடிவத்தில் பெரும்பங்கு 1750-ஐ ஒட்டி திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா செய்தது. அப்பாவுக்கு இந்த வருஷக் கணக்கில் எல்லாம் அக்கறை இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

“ஏல, ஆமா. சில்லுனுதான் இருக்கு.”

இன்னொரு கையைப் பக்கத்து மரத்தூணில் வைத்தார். “இது இல்ல பாரு. ரெண்டும் ஒரே நெழல்லதான கெடக்கு?”

நானும் வைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் காட்டியிருக்கும். தோலுக்குத் தெரிவது சூடு எவ்வளவு என்பது மட்டும் இல்லை, நம் சூட்டை அந்தப் பொருள் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதும்தான். காரைத்தரை சட்டென்று இழுக்கும், மரம் மெதுவாக. இதைச் சொன்னேன். “அப்ப தரைக்குப் பசி ஜாஸ்தி” என்றார்.

நவராத்திரி மண்டபத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். கல்தூண்கள், அவற்றின் நிழலை அப்படியே காட்டுகிற தரை, அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து நாட்டியம் பார்க்க மர அழிகள். அழகுதான். ஆனால் அதற்குள் எனக்கு முற்றத்து மண்ணில் வெறுங்காலோடு அவர் நடந்த தூரமே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தக்கலை பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சைப் போட்டு உள்ளங்காலைப் பார்த்தேன். வெளியே போய்வந்தால் தினமும் நடப்பதுதான். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, உளுந்து அளவு ஒரு கல் பதிந்திருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். சின்னக் குழி, ரத்தம் இல்லை.

“என்ன லே?”

“கல்லு.”

“எங்க ஏறிச்சோ” என்றார். டீ கொண்டு வந்த பையனிடம் டம்ளரை வாங்கி, உள்ளங்கையில் அணைத்து வைத்துக்கொண்டார்.