அக்டோபர்ப் புரட்சிக்கு நவம்பரில் கொடி

திருமங்கலம் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில், வாசல் கரும்பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுவது என் பொறுப்பு. நவம்பர் 7 அன்று 'ரஷ்யப் புரட்சி, 1917' என்று எழுதினேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்று படித்துவிட்டு, "டீச்சர், அதை அக்டோபர்ப் புரட்சின்னுல்ல சொல்லுவாங்க?" என்றான்.

இதே கேள்வியை நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஆரப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வளவில் பாதிப்பேர் மில் தொழிலாளிகள். நவம்பர் 7 காலையில் தெருமுனையில் சிவப்புக் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு அப்பா நேரே அங்கே வந்து நிற்பார். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு தேதி சொல்லும், திருக்கணிதம் ஒரு தேதி சொல்லும்ல தாயி? அது மாதிரித்தான். அவுக பஞ்சாங்கம் பழசு" என்றார். கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், எனக்குப் புரியட்டும் என்று பஞ்சாங்கத்தை இழுத்தார்.

அவர் சொன்னது சரிதான். பழைய ஜூலியன் நாட்காட்டி ஒரு வருடத்துக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டது. உண்மையான வருடம் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. அந்த 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து, 1917-ல் 13 நாளாகியிருந்தது. பல நாடுகள் 1582-லிருந்தே புதிய நாட்காட்டிக்கு மாறத் தொடங்கிவிட்டன. ரஷ்யா 1918-ல்தான் மாறியது. அங்கே அந்த வருடம் ஜனவரி 31 இரவு படுத்தவர்கள் பிப்ரவரி 14 அன்று எழுந்தார்கள். அதனால்தான் அவர்களுடைய அக்டோபர் 25 நமக்கு நவம்பர் 7.

பையனுக்கு இதைச் சொல்லிவிட்டு, பலகையில் இரண்டு தேதியையும் எழுதினேன். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான தேதி இன்னொன்று உண்டு. மார்ச் 8. பெண்கள் தினம் என்றதும் கோலப்போட்டி, ரோஜாப்பூ என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. அதே 1917-ல், அவர்கள் கணக்கில் பிப்ரவரி 23 அன்று, பெட்ரோகிராடு நகரத்து நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜார் மன்னர் முடி துறந்தார். அக்டோபருக்கு வழி திறந்ததே அந்தப் பெண்கள்தான்.

அம்மாவும் மில்லில் ரீலிங் பிரிவில் பல வருடம் நின்று வேலை பார்த்தவர். அந்த வலி இன்னும் முழங்காலில் இருக்கிறது. அடுத்த மார்ச் 8-க்கு எழுத வேண்டியதை இப்போதே எழுதி வைத்து, அன்று ராத்திரி அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அவுகளுக்கு ரொட்டி கெடச்சுச்சா?"